அரைப்பேர் போடாதீர்கள்: டிசம்பர் 3 விழா எடுப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தோட்டத் துரைமாருக்கும், சங்கத் தலைவர்மாருக்கும், கோயில் கமிட்டியாருக்கும், டவுனிலிருந்து வரும் நலன்புரிக் கழகத்தாருக்கும்,

வணக்கம்.

ஐக்கிய நாடுகள் சபை 1992இல் குறித்துக் கொடுத்த நாள் டிசம்பர் 3. மாற்றுத்திறனாளிகள் தினம். வருடா வருடம் அன்றைக்கு வாசிகசாலையிலோ கலாசார மண்டபத்திலோ கூட்டம் போடுகிறீர்கள். பேனர், குத்துவிளக்கு, பொன்னாடை, வடை, பிளேன்டீ எல்லாம் உண்டு. "உங்களால் முடியும், தன்னம்பிக்கை ஒன்றுதான் வேண்டும்" என்று அரை மணி நேரம் பேச்சு. அப்புறம் சக்கர நாற்காலி வழங்கல். பெயரைக் கூப்பிட்டு மேடைக்கு வரச் சொல்கிறீர்கள். மேடைக்கு நான்கு படி. இரண்டு பொடியன்மார் வந்து ஆளை அள்ளித் தூக்கி மேலே வைக்கிறார்கள், போட்டோ எடுபடுகிறது. தன்னம்பிக்கைப் பேச்சைக் கேட்டு முடித்த ஐந்தாம் நிமிடம் அந்த மனிதர் மாவு மூட்டை மாதிரி மேடை ஏறுகிறார்.

நாங்கள் இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களில், தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயங்களுக்கு லயம் லயமாகப் போய் உடற்பயிற்சி சொல்லிக் கொடுப்பவர்கள், விசேட கல்வி அலகுகளில் படிப்பிப்பவர்கள், ஊன்றுகோலுக்கும் நாற்காலிக்கும் அளவெடுப்பவர்கள். உங்கள் நல்ல மனதைச் சந்தேகப்பட்டு இதை எழுதவில்லை. தன்னம்பிக்கை எங்கே ஊறுகிறது என்பதில்தான் உங்களுக்கும் எங்களுக்கும் கணக்கு வேறு.

நாற்காலியிலிருந்தே தொடங்குவோம். விழாவில் கொடுபடுவது பெரும்பாலும் ஆஸ்பத்திரி வராந்தாவில் ஓடும் மடக்கு நாற்காலி. இருக்கை அகலம் 18 அங்குலம், எல்லோருக்கும் ஒரே அளவு. இடுப்பு அகலம் 12 அங்குலமே உள்ள பிள்ளையை அதில் உட்கார்த்தினால் பிள்ளை ஒரு பக்கமாகச் சாயும், நாளடைவில் முதுகெலும்பும் அந்தப் பக்கமே வளையும். முன் சில்லு சிறியது. தண்ணீர் பிடிக்கும் பீலிக்குப் போகும் கல்லுப் பாதையில் முதல் கல்லிலேயே அது சிக்கி, ஆள் முன்னால் விழப் பார்ப்பார். இதையெல்லாம்விட எங்களை அதிகம் உறுத்துவது பின் டயர். காற்றடிக்கும் டயர் உள்ள நாற்காலிகளில் பிரேக் கட்டை டயரை அழுத்தித்தான் சில்லை நிறுத்துகிறது. இரண்டு மூன்று மாதத்தில் காற்று இறங்கிவிடும். டயர் மெலிந்தால் கட்டைக்கும் டயருக்கும் இடையில் இடைவெளி விழும். பிரேக்கைப் போட்டாலும் சில்லு நகரும். கொழும்பில் சமதரையில் அது ஒரு தொல்லை, அவ்வளவுதான். மலைப்பக்கம் மஸ்கெலியாவிலோ லுணுகலையிலோ இஸ்தோப்புக்கு, அதாவது வீட்டின் முன் திண்ணைக்கு, முன்னால் கான், அந்த வடிகாலுக்கு அப்பால் சரிவு. ஒரு தடவை நாற்காலி தானாக நகர்ந்தால் போதும், மறுபடி அதில் ஏற மனம் வராது. நாற்காலி மூலைக்குப் போய் அதன்மேல் துணி மடித்து வைக்கப்படும். அடுத்த டிசம்பரில் நீங்கள் வந்து பார்த்துவிட்டு, "கொடுத்தும் பாவிக்கிறதில்லை, தன்னம்பிக்கை இல்லை" என்கிறீர்கள்.

காற்று இல்லாத டயருக்கு நாம் வைத்திருக்கும் பெயர்களில் அதுவும் ஒன்று.

"இதை என்னால் செய்ய முடியும்" என்ற எண்ணம் மனிதருக்கு எங்கிருந்து வருகிறது என்பதைப் பற்றி அமெரிக்க உளவியலாளர் அல்பர்ட் பண்டுரா 1977இல் எழுதினார். நான்கு வழி சொன்னார்: தானே செய்து முடித்த அனுபவம், தன்னைப் போன்ற இன்னொருவர் செய்வதைக் கண்ணால் காண்பது, பிறர் சொல்லும் சொல், அந்த நேரத்து உடம்பின் நிலை. நான்கில் வலுவானது முதலாவது. பிறர் சொல் அதற்கு எவ்வளவோ பின்னால். விழா மேடையில் கிடைப்பது அந்த மூன்றாவது மட்டும்தான்.

ஆகவே முதலாவதுக்கு இடம் செய்யுங்கள். இடம் என்று நாங்கள் சொல்வது உண்மையிலேயே இடத்தைத்தான்.

லயத்தின் இஸ்தோப்புப் படி அரை அடி உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாய்தளம் ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற கணக்கில் இருக்க வேண்டும். அரை அடிக்கு 6 அடி நீளம். அகலம் 4 அடி. உள்ளே கல்லும் மண்ணும் இட்டு இறுக்கி, மேலே 3 அங்குலத்துக்கு சீமெந்து ஒன்று, மணல் இரண்டு, கல் நான்கு என்ற கலவையில் கொங்கிரீட் போட்டால் 50 கிலோ சீமெந்து மூடை ஒன்றும் கொஞ்சமும் போகும். பொன்னாடைச் செலவோடு ஒப்பிட்டுப் பாருங்கள், நாங்கள் வேறொன்றும் சொல்லவில்லை. மேற்பரப்பை மேசன் வழக்கம்போல மினுமினுவென்று தேய்த்துவிடப் பார்ப்பார், விடாதீர்கள். ஈரமாக இருக்கும்போதே விளக்குமாற்றால் குறுக்கே வரி இழுக்கச் சொல்லுங்கள். இங்கே பெய்கிற மழைக்குத் தேய்த்த சீமெந்தில் பாசி பிடித்தால் நல்ல கால் உள்ளவரே வழுக்குவார். இரண்டு ஓரத்திலும் 2 அங்குல வரம்பு வைக்க வேண்டும், சில்லு வெளியே இறங்காமல் இருக்க. ஏழு நாள் ஈரச் சாக்குப் போட்டு நனைக்க வேண்டும்.

படி ஒன்றரை அடி என்றால் 18 அடி நீளம் வேண்டும். லயத்துக்கு நேர் முன்னே அவ்வளவு இடம் கிடையாது. அப்படியான இடத்தில் "இருக்கிற இடத்துக்குள் போட்டுவிடுவோம்" என்று 6 அடிக்குள் செங்குத்தாகக் கட்டுவதுதான் வழக்கமாக நடக்கிற பிழை. அந்தச் சரிவில் நாற்காலியைத் தள்ளுகிறவரே பின்னால் விழுவார். சுவரை ஒட்டி, இஸ்தோப்புக்குப் பக்கவாட்டில் ஓட விட்டு, மேலே 5 அடிக்கு 5 அடி திரும்புமிடம் வைத்தால் சரிவரும். ஆனால் அது பக்கத்துக் காம்பிராக்காரரின் வாசலை மறிக்கும். அவரோடு பேச வேண்டும். லயம் தோட்டத்துச் சொத்து என்பதால் துரையின் அனுமதியும் வேண்டும். ஒரு குடும்பம் தனியாக நின்று இரண்டையும் பெறுவது கஷ்டம். தலைவர்மாரே, உங்கள் ஒரு வாய்ச்சொல் பயன்படுகிற இடம் இதுதான்.

ஊன்றுகோலில் நடப்பவருக்குச் சாய்தளத்தைவிடத் தாழ்ந்த படிகள் பல நேரம் வசதி. 6 அங்குல உயரம், 12 அங்குல அகலம், ஒரு பக்கம் கைபிடிக் குழாய். குழாய் நிலத்திலிருந்து 3 அடி உயரத்தில் இருக்கட்டும், முதல் படிக்கு ஓர் அடி முன்னாலிருந்தே தொடங்கட்டும். மூங்கிலைக் கட்டிவிட்டுப் போகாதீர்கள், ஒரு மழைக்காலத்தில் உளுத்துவிடும்.

ஊன்றுகோலையும் அளந்து கொடுக்க வேண்டும். அக்குளில் வைக்கும் கட்டை என்றால் நேராக நின்று, நுனியைப் பாதத்திலிருந்து அரை அடி முன்னும் அரை அடி பக்கவாட்டிலும் ஊன்றிப் பார்க்கும்போது, மேல் முனைக்கும் அக்குளுக்கும் இடையில் மூன்று விரல் போக வேண்டும். கைபிடி மணிக்கட்டு உயரத்தில் இருக்க வேண்டும், முழங்கை கொஞ்சம் மடங்க வேண்டும். பாரம் உள்ளங்கையில்தான். அக்குளில் தொங்கினால் அங்கே ஓடும் நரம்பு நசுங்கிக் கை விறைக்கும், மணிக்கட்டைத் தூக்க முடியாமல் போகும். கட்டை நுனி ரப்பர் தேய்ந்து கோடு மறைந்ததும் மாற்ற வேண்டும். விழாவில் கட்டை கொடுப்பவர்கள் மேலதிகமாக நான்கு ரப்பர் கொடுத்ததை நாங்கள் இன்னும் காணவில்லை. ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது கட்டையும் நோவுள்ள காலும் முதலில். இதை மாற்றிச் செய்து விழுகிறவர்கள்தான் "எனக்கு இது சரிவராது" என்று கட்டையை மூலையில் சாத்துகிறார்கள்.

விழுகிற பயத்தைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். பயத்தைப் போக்க "பயப்படாதே" என்று சொல்கிறோம். நடக்கக் கற்றுக்கொடுக்கிறோம். விழுந்தால் எழும்புவது எப்படி என்று யாரும் கற்றுக்கொடுப்பதில்லை. தனியாக எழும்பத் தெரிந்தவருக்குப் பாதிப் பயம் அங்கேயே விட்டுப்போகும். பாரிசவாதத்துக்குப் பின் ஒரு பக்கம் பலம் குறைந்தவருக்குச் சொல்லிக்கொடுக்கும் முறை இது. விழுந்ததும் உடனே எழும்பக் கூடாது. கிடந்தபடியே மூச்சு வாங்கி, எங்காவது கடுமையாக வலிக்கிறதா என்று பார்க்க வேண்டும். இடுப்போ காலோ அசைக்க முடியாமல் வலித்தால் ஆளைக் கூப்பிட வேண்டும். இல்லையென்றால் பக்கமாகப் புரண்டு, நல்ல கையின் முழங்கையில் ஊன்றி, பிறகு மண்டியிட்டு நான்கு காலில் நிற்க வேண்டும். அப்படியே கட்டிலுக்கோ சுவரோடு சாத்திய நாற்காலிக்கோ தவழ்ந்து போய், முன்கைகளை அதன்மேல் வைத்து, நல்ல காலின் பாதத்தை முன்னே பதித்து, அதில் அழுத்தி எழும்பி, திரும்பி உட்கார வேண்டும். முதல் தடவைகளில் தெரிந்த ஒருவர் பக்கத்தில் நிற்கட்டும். பாயின்மேல் பழகட்டும். நாற்காலி பிளாஸ்டிக்காக இருந்தால் வழுக்கிக்கொண்டு போகும், மரக் கதிரைதான் வேண்டும்.

நேரமும் முக்கியம். நுவரெலியாப் பக்கம் ஜனவரி விடியலில் உடம்பு இறுகும். குளிரில் பாரிசவாதக்காரரின் தசை இன்னும் விறைக்கும். காலை 6 மணிக்குப் பயிற்சி செய்யச் சொல்லிவிட்டு "முயற்சி போதாது" என்பது அநியாயம். பத்து மணி வெயில் இஸ்தோப்பில் விழும்போது செய்யட்டும். அதே உடம்பு, அதே ஆள், செய்யக்கூடியது வேறாக இருக்கும். மேட்டில் ஏறும்போது நெஞ்சு படபடப்பதையும் பலர் பயம் என்று எண்ணித் திரும்பிவிடுகிறார்கள். மேடு ஏறினால் யாருக்கும் நெஞ்சு அடிக்கும். நின்று மூச்சுவிட்டதும் சில நிமிடங்களில் படபடப்பு அடங்கினால் அது மேட்டின் வேலை. அடங்காவிட்டால், நெஞ்சு வலித்தால், தோட்டத்து டிஸ்பென்சரிக்குப் போக வேண்டும்.

இனித் தனக்குத் தானே சொல்லிக்கொள்ளும் சொல். "நான் சிங்கம், என்னால் எல்லாம் முடியும்" என்று கண்ணாடி முன் சொல்லுங்கள் என்று உங்கள் பேச்சாளர்கள் சொல்கிறார்கள். 2009இல் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இப்படி ஒன்றைச் சோதித்தார்கள். தன்னைப் பற்றி ஏற்கனவே தாழ்வாக எண்ணுகிறவர்கள் "நான் அன்புக்குரிய ஆள்" என்று திரும்பத் திரும்பச் சொன்னபோது, சொல்லாமல் இருந்தவர்களைவிட அவர்கள் மனம் சோர்ந்தது. காரணம் விளங்காத காரியமில்லை. வாய் ஒன்று சொல்ல மனம் "பொய்" என்று பதில் சொல்லும். மனம் மறுக்க முடியாத சொல் வேண்டும். "நேற்று பீலி வரைக்கும் போனேன், வழியில் இரண்டு தடவை நின்றேன். இன்றைக்கும் அவ்வளவு போகலாம்" என்றால் மனதுக்கு வாதாட இடமில்லை.

அந்தச் சொல்லைச் சேர்த்து வைக்கத்தான் கொப்பி. 80 பக்கக் கொப்பி ஒன்று போதும். ஒரு பக்கத்தில் நான்கு கோடு கிழித்து: இந்த வாரம் செய்யப்போவது என்ன, எவ்வளவு, எந்தெந்த நாள், யாருடைய உதவி எவ்வளவு. "நடக்கப் பழகுவேன்" என்று எழுதினால் அது கணக்கில் வராது. "திங்கள், புதன், வெள்ளி பத்து மணிக்கு இஸ்தோப்பில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நான்கு நடை" என்று எழுத வேண்டும். எழுதியதும் ஒரு கேள்வி: இதைச் செய்து முடிப்பேன் என்று பத்துக்கு எத்தனை நிச்சயம்? ஏழுக்குக் கீழே சொன்னால் ஆளைத் திட்டக் கூடாது, இலக்கைக் குறைக்க வேண்டும். நான்கு நடை இரண்டாகட்டும். வெள்ளிக்கிழமை கொப்பியில் மூன்று சரி விழுவதுதான் காரியம். கூடவே மழை நாளுக்கு ஒரு வரி: "மழை பெய்தால் உள்ளே கட்டிலைப் பிடித்து ஐந்து தடவை எழும்பி உட்காருவேன்." அந்த வரி இல்லாவிட்டால் ஜூன் மாதத்தில் கொப்பி நின்றுபோகும். எழுத வராதவருக்குப் பேரப்பிள்ளை எழுதட்டும், அல்லது சுவரில் கரிக்கோடு போடட்டும். பார்வை இல்லாதவர் போத்தலில் ஒரு கல் போட்டுக்கொண்டு வரலாம். குலுக்கினால் சத்தம் கேட்கும்.

பிள்ளைகளுக்குக் கடைசியிலிருந்து கற்றுக்கொடுங்கள் என்று தாய்மாருக்குச் சொல்கிறோம். சட்டை போடுவதென்றால் தலைக்கும் கைக்கும் அம்மா மாட்டிவிட்டு, வயிற்றுக்குக் கீழே இழுத்துவிடுவதை மட்டும் பிள்ளையிடம் விட வேண்டும். அது கைவந்ததும் அதற்கு முந்திய படி. ஒவ்வொரு தடவையும் வேலை பிள்ளையின் கையில் முடியும். முதல் படியிலிருந்து தொடங்கினால் நடுவில் சோர்ந்து, அம்மா பிடுங்கி முடித்துவிடுவார். பிள்ளைக்கு மிஞ்சுவது "என்னால் முடியவில்லை" மட்டும். அம்மாவைக் குறை சொல்லவும் முடியாது. காலையில் கொழுந்து பறிக்க மலைக்கு ஓட வேண்டும், பிந்தினால் பேர் இல்லை, அன்றைய சம்பளம் இல்லை. அதனால் இந்தப் பயிற்சியை ஞாயிற்றுக்கிழமைக்கு வையுங்கள் என்கிறோம்.

முன்மாதிரிக்கு வருவோம். மலையகத்து மேடைகளில் முத்தையா முரளிதரன் பெயர் வராமல் போகாது. கண்டியில் பிறந்தவர், பிறவியிலேயே முழுதாக நிமிராத முழங்கை, 800 டெஸ்ட் விக்கெட். சரிதான். ஆனால் நீங்கள் சொல்லாமல் விடும் பகுதி ஒன்றுண்டு. பாடசாலையில் அவர் முதலில் மிதவேகப் பந்து போட்டவர். பதினான்கு வயதில் பயிற்றுநர் அவரைச் சுழலுக்கு மாறச் சொன்னார். ஒருவர் பக்கத்தில் நின்று பார்த்து, எதை விட வேண்டும், எதைப் பிடிக்க வேண்டும் என்று சொன்னார். பாராட்டும் அப்படி இருந்தால் வேலை செய்யும். "கெட்டிக்காரி" என்பதைவிட "கட்டையை முதலில் வைத்து இறங்கினாய், அதனால்தான் தடுமாறவில்லை" என்ற ஒரு வரி பல நாளைக்கு நிற்கும்.

டோக்கியோ பராலிம்பிக்கில் ஈட்டி எறிந்து தங்கம் வென்ற தினேஷ் பிரியந்த ஹேரத்தின் வீடியோவையும் போடுகிறீர்கள். 67.79 மீட்டர், பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. போலியோவால் கால் சூம்பிய ஐம்பது வயது அக்கா அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய் என்ன செய்வார்? அவருக்குப் பயன்படுகிறவர், அடுத்த டிவிஷனில் அதே மாதிரிக் காலோடு தானே கடைக்குப் போய்ச் சாமான் வாங்கி வருகிற இன்னொரு அக்கா. அவரை மேடையில் ஏற்றாதீர்கள். இவரோடு அரை நாள் உட்கார வையுங்கள், பஸ் காசைக் கொடுங்கள். எப்படிப் படி இறங்குகிறார், கூடையை எந்தத் தோளில் போடுகிறார், கால் வலித்தால் என்ன செய்கிறார் என்பதை அவர்கள் பேசிக்கொள்வார்கள்.

வேலை விசயத்தில் சுருக்கமாக. கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர், அதாவது அரை நாள் சம்பளம், போடுவது நமக்கெல்லாம் தெரிந்த கணக்கு. ஊனமுள்ளவரை மனதுக்குள் நிரந்தரமாக அரைப்பேரில் போட்டிருக்கிறோம். வேலை கேட்டால் "பாவம், வீட்டில் இருக்கட்டும்" என்கிறோம். நாற்றுமேடையில் பைக்கு மண் நிரப்புவது உட்கார்ந்து செய்யும் வேலை. மேசை முழங்கை உயரத்தில், மண் வலது கைக்கு எட்டும் இடத்தில், வெறும் பை இடப் பக்கத்தில் இருந்தால் ஒரு கால் இல்லாதவர் இரண்டு கால் உள்ளவருக்குக் குறையாமல் நிரப்புவார். எண்ணிப் பார்த்து எண்ணிக்கைக்குக் காசு கொடுங்கள், இரக்கத்தைச் சேர்க்க வேண்டாம். அரசாங்க வேலையில் மூன்று வீதம் ஒதுக்கச் சொல்லி 1988இல் வந்த 27/88 சுற்றறிக்கை பற்றித் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்வதில்லை. ஓஎல், ஏஎல் பரீட்சை முடித்தவர்களின் பட்டியலை எடுத்து, விண்ணப்பம் கோரும்போது ஆளை அழைத்துப் போங்கள். படிவத்தை அவரே நிரப்பட்டும். அலுவலகத்தில் உத்தியோகத்தர் கூட வந்தவரைப் பார்த்துப் பேசினால், "அவரிடமே கேளுங்கள்" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

பொதுக் கட்டடங்களுக்கு எல்லோரும் போய்வர வழி வைக்க வேண்டும் என்று மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் 2006இல் ஒழுங்குவிதிகளும் வந்துவிட்டன. உங்கள் விழா மண்டபத்தின் வாசலை ஒரு தடவை அளந்து பாருங்கள்.

இந்த வருடத்துக்கு நாங்கள் கேட்பது இவ்வளவுதான். விழாவை டிசம்பரில் வையுங்கள், வேலையைச் செப்டெம்பரில் தொடங்குங்கள். பெயர்ப் பட்டியல் கையில் கிடைத்ததும் ஒவ்வொருவரையும் உட்கார வைத்து அளவெடுங்கள். இடுப்பு அகலம்தான் இருக்கை அகலம். முதுகிலிருந்து முழங்கால் மடிப்பு வரை அளந்து, அதில் ஓர் அங்குலமோ இரண்டோ கழித்தால் இருக்கை ஆழம். பாதம் பலகையில் பதிய வேண்டும், தொங்கக் கூடாது. உணர்ச்சி இல்லாத உடம்பென்றால் மெத்தை கட்டாயம், இல்லாவிட்டால் உட்காரும் எலும்பில் புண் வரும். அரை மணிக்கு ஒரு தடவையாவது முன்னால் குனிந்து பாரம் இறக்க வேண்டும் என்பதையும் வீட்டாருக்குச் சொல்லிக்கொடுங்கள். உலக சுகாதார நிறுவனம் 2008இல் வெளியிட்ட வழிகாட்டியில் நாற்காலி கொடுக்க எட்டுப் படிகள் இருக்கின்றன: அளவு, பொருத்துதல், பயிற்சி, பிறகு வந்து பார்த்தல் எல்லாம் அதில் உண்டு. பொன்னாடை அதில் இல்லை. பரிசைக் கொடுப்பவர் மேடையிலிருந்து இறங்கி வரட்டும். ஆறு மாதம் கழித்து, ஜூன் மழையில், ஒருவர் போய் டயரைப் பெருவிரலால் அழுத்திப் பார்க்கட்டும். அரை சென்டிமீட்டருக்கு மேல் அமுங்கினால் காற்றுப் போதாது.

ஒவ்வொரு நாற்காலியோடும் ஒரு காற்றுப் பம்பும் ஒரு ஸ்பானரும் சேர்த்துக் கொடுங்கள். பம்ப் வாங்கும் முன் நாற்காலியின் வால்வைப் பாருங்கள். அனேகமாக அது மோட்டார் சைக்கிள் டயரில் இருப்பது போன்ற தடித்த வால்வு. கடையில் கிடைக்கும் சாதாரணச் சைக்கிள் பம்பின் வாய் அதற்குப் பொருந்தாது.

இப்படிக்கு,
மலையகத்தில் லயம் லயமாகப் போய் இந்த வேலையைச் செய்கிறவர்கள்